நிலாம் குழுவில் கேட்ட கேள்வி

2025 ஜனவரி 16, வியாழன்

நிலாம் இன்று வேலைக்குத் திரும்பினார். டிசம்பர் முதற்கிழமை அவர் வந்த ஓட்டோ கவிழ்ந்து இடுப்பெலும்பில் வெடிப்பு. ஆறு கிழமை வீட்டில் படுக்கை. கொட்டாஞ்சேனையில் எங்கள் சிகிச்சை நிலையம் ஒரு இரும்புக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. சுவரில் ஒரு கையும் தடியில் ஒரு கையுமாக அவர் ஏறி வந்ததைக் கண்டதும் குழு அறையிலிருந்த பதினொரு பேரும் எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவர்களுக்கு அவர்தான் வேண்டும். எனக்கு ஆற்றுப்படுத்தலில் டிப்ளோமா இருக்கிறது. அவருக்குப் பதினான்கு வருடம் இருக்கிறது. பத்தொன்பது வயதிலிருந்து முப்பத்திரண்டு வரை குடுவில் கிடந்தவர் (ஹெரோயின் தூளைத்தான் இங்கே எல்லோரும் குடு என்பது). பிறகு விட்டவர்தான், பதினான்கு வருடமாகத் தொடவில்லை. புதிதாக வருகிறவரிடம் முதலில் சொல்வது: "நானும் உங்கட கதிரையில இருந்தவன்தான். கால் நடுங்குறது எனக்குத் தெரியும்."

பின்னேரம் என்னிடம் ஒரு வெறும் வலி மாத்திரைக் கார்டை நீட்டினார். "ரொஷேல், கீழ போனா பார்மசியில இது ஒரு கார்ட் எடுத்துத் தாங்களேன். இன்னொரு தரம் படி எறங்கி ஏற ஏலாம ஈக்கு."

வாங்கிக் கொடுத்தேன். பார்மசிக்காரர் என்னைத் தெரிந்தவர், டொக்டரின் துண்டு கேட்கவில்லை. இரண்டு கார்டாகவே கொடுத்தார்.

பெப்ரவரி 1, சனி

வெள்ளவத்தையில் வலையமைப்பின் மாதக் கூட்டம். ஆறு வருடத்துக்கு முன் நாங்கள் மூன்று பேர் தொடங்கியது: நிலாம், டொக்டர் றேமண்ட், நான். போதைச் சிகிச்சையில் தமிழில் வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் தெரியாமலே களைத்துப் போகிறார்கள் என்று சொன்னவர் நிலாம். பயிற்சியெல்லாம் சிங்களத்தில் அல்லது இங்கிலீஷில். ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. இப்போது அறுபத்தெட்டுப் பேர்: ஆற்றுப்படுத்துநர்கள், தாதிமார், சிறைச்சாலை நலன்புரி அலுவலர்கள், ஒரு மௌலவி, இரண்டு கன்னியாஸ்திரிகள். மட்டக்களப்பிலும் ஹற்றனிலும் இருப்பவர்கள் போனில் சேர்ந்துகொள்வார்கள். மற்ற நாட்களில் வாட்ஸ்அப் குழு. "எங்கே ஒரு கட்டில் காலி?" என்று போட்டால் பத்து நிமிடத்தில் பதில் வரும்.

நிலாம் இன்று பிந்தி வந்தார். வழக்கமாக அவர்தான் நடத்துவது. டொக்டர் றேமண்ட் தொடங்கிவிட்டார். எழுபத்தொரு வயது, தலைவர், நேரம் என்றால் நேரம். நிலாம் பின்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். இடுப்பு வலி என்று நினைத்தேன்.

பெப்ரவரி 6, வியாழன்

இன்று வாட்ஸ்அப் குழுவில் நிலாம் ஒரு கேள்வி போட்டார்:

"என்னிடம் வரும் ஒருவர். பதினொரு வருடம் சுத்தமாக இருந்தவர். சத்திரசிகிச்சை ஒன்றுக்குப் பிறகு வலி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்போது வலி குறைந்துவிட்டது, மாத்திரையை விட முடியவில்லை. வேலையிடத்தில் யாருக்கும் தெரியாது. அவரிடம் என்ன சொல்லலாம்? எங்கே அனுப்பலாம்?"

பின்னேரத்துக்குள் இருபத்துமூன்று பதில். பதினொரு வருடம் உண்மைதானா என்று முதலில் பாருங்கள் என்றார் ஒருவர். தெமட்டகொடையில் வேலைசெய்யும் பர்ஸானா ஒரு சிரிக்கும் முகம் போட்டாள். பயிற்சி முடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. டொக்டர் றேமண்ட், வேலை கொடுத்தவருக்கு அறிவிப்பது கடமை என்று எழுதினார்.

நான் பஸ் தரிப்பில் நின்று எழுதினேன்: "இத்தனை வருட அனுபவமுள்ளவர் ஆபத்தை அறியாமல் எடுத்திருக்க மாட்டார். அறிந்தே எடுத்தவருக்கு இரக்கத்தை விட எல்லைதான் உதவும்."

பதினான்கு பேர் பெருவிரல் போட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடைசியில் நிலாம் கும்பிடும் கைகளோடு ஒரு வரி: "எல்லோருக்கும் நன்றி. அவரிடம் சொல்கிறேன்."

பெப்ரவரி 11, செவ்வாய்

நிலாம் அமர்வின் நடுவில் கிளெமென்றின் பெயரை மறந்துவிட்டார். எட்டு மாதமாக வருகிற மனிதர்.

பெப்ரவரி 20, வியாழன்

காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனேன். பார்மசிக்காரர் தணிந்த குரலில், "மிஸ், அந்த ஸேர் கிழமைக்கு மூண்டு தரம் வாறார். இனிக் குடுக்க எனக்குப் பயமா இருக்கு. நீங்க ஒருக்கா கதைச்சுப் பாருங்க" என்றார்.

கையில் மாற்றுச் சில்லறையோடு அங்கேயே நின்றேன். பதினொரு வருடம் இல்லை, பதினாலு. சத்திரசிகிச்சை இல்லை, ஓட்டோ. இரண்டே இரண்டு சொல் மாற்றி எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்.

எல்லோரும் போன பிறகு குழு அறையில் நிலாமிடம் கேட்டேன். அவர் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை.

"அந்தக் கேஸ் நான்தான், ரொஷேல்."

"ஏன் என்னட்ட நேர கேக்கேல்ல?"

"கேட்டேனே. நீங்க பதிலும் போட்டீங்க."

வேறொரு நிலையத்தில் போய்ச் சேருங்கள், லீவு போடலாம் என்றேன். அவர் சிரித்தார். "எங்க போற? கொழும்புல எந்தக் கதவத் தட்டினாலும் தொறக்கிறவன் நம்மட குழுவில ஈக்கிறவன். அவனுக்கு ட்ரெயினிங் குடுத்தவனே நான். என்ட கையால எழுதின ஃபோர்ம நானே நெரப்பட்டுமா?"

ஸும்றாவுக்கு, அவருடைய மனைவிக்கு, தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. அவளை மணமுடிக்கும்போதே அவர் விட்டு இரண்டு வருடம். குடு எடுத்த அந்த ஆளை அவள் கண்டதே இல்லை, காணவும் வேண்டாம் என்றார். நோன்புக்கு முன்னால் குறைத்துவிடுவதாகச் சொன்னார். யாரிடமும் சொல்வதில்லை என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

கொடுத்தேன். வேற என்ன செய்யிறது? நான் எழுதின அந்த ரெண்டு வரிக்குப் பிறகு, எந்த முகத்தோட மாட்டன் எண்டு சொல்றது?

பெப்ரவரி 21, வெள்ளி

என் பதிலை அழிக்கப் பார்த்தேன். இத்தனை நாளுக்குப் பிறகு எல்லோருக்குமாக அழிக்க விடுவதில்லையாம். என் போனில் மட்டும் அழிந்தது.

மார்ச் 3, திங்கள்

நோன்பு தொடங்கிவிட்டது. நிலாம் முகம் வெளிறியிருந்தாலும் தெளிவாக இருந்தார். பகலில் ஒன்றும் எடுப்பதில்லை என்றார். "வயிறு காஞ்சா மனசு கேக்குது." நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

மார்ச் 10, திங்கள்

கிளெமென்ற் இன்று அமர்வுக்குள் போகவில்லை. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். குடித்துக் குடும்பம் பிரிந்து, ஒன்பது மாதம் முன்பு வந்தவர். படிக்கட்டில் இருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"மிஸ், நான் ஒண்டும் படிச்சவன் இல்ல. ஆனா ஒரு ஆள்ட கண்ணப் பாத்தா எனக்குத் தெரியும். நிலாம் ஸேர் எடுக்கிறார்."

"அவருக்கு இடுப்பு வலி, கிளெமென்ற்."

"அவராலயே ஏலாட்டி எனக்கு எப்பிடி மிஸ் ஏலும்?"

எழுந்து இறங்கிப் போய்விட்டார். இரும்புக்கடைக்காரரிடம் ஏதோ சிங்களத்தில் சொல்லிச் சிரித்துவிட்டு ரோட்டைக் கடந்தார். நான் பொய் சொன்னதை அவர் அறிந்திருந்தார்.

மார்ச் 12, புதன்

இரண்டு நாளாக யோசித்தேன். பதினொரு பேரை அந்த அறைக்குள் ஒவ்வொரு நாளும் அனுப்புகிறேன். அவர்களுக்கு நான் கொடுத்த வாக்கு என்ன? ஒரு சிநேகிதருக்குக் கொடுத்த வாக்கு அதைவிடப் பெரிதா?

பின்னேரம் டொக்டர் றேமண்டின் கிளினிக்குக்குப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி நீண்ட நேரம் துடைத்தார்.

"எத்தினை நாளாத் தெரியும்?"

"மூண்டு கிழமை."

"மூண்டு கிழமை லேட், ரொஷேல்."

அவருக்கு உதவி வேண்டும் டொக்டர், தண்டனை இல்லை என்றேன். "முதல்ல நோயாளிகள்" என்றார். அதில் பிழையில்லை. பிழையில்லை என்றுதான் நானும் போனேன்.

மார்ச் 13, வியாழன்

காலை 9.40க்குப் போன் ஒளிர்ந்தது. குழுவில் ஒரு சாம்பல் நிற வரி. டொக்டர் றேமண்ட், நிலாமை நீக்கினார்.

அவ்வளவுதான். அவர் தொடங்கிய குழு. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குக் கீழே நீர்கொழும்பிலிருந்து ஒரு தாதி கட்டில் காலியா என்று கேட்டிருந்தார். நான் பதில் போட்டேன்.

நிலாமை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி நிலையத்துக்கும் டொக்டரின் கடிதம் வந்தது. நிலாம் தன் லாச்சியை வெறுமையாக்கி, சாவியை என் மேசையில் வைத்துவிட்டு, "வாறன்" என்று மட்டும் சொன்னார். நான் எழும்பவில்லை. ஏன் எழும்பேல்ல?

மார்ச் 17, திங்கள்

நிலாமுக்குப் போன் பண்ணினேன், எடுத்தார். வீட்டில் இருக்கிறேன், நோன்பு பிடிக்கிறேன், ஸும்றா கஞ்சி காய்ச்சுகிறாள் என்றார். பின்னால் ரயில் சத்தம் கேட்டது. அவர்கள் வீட்டுப் பக்கம் ரயில் பாதை இல்லை.

"நீங்க செஞ்சது சரிதான் ரொஷேல். நானா ஈந்தாலும் அப்பிடித்தான் செஞ்சீப்பன்."

அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

மார்ச் 22, சனி

நிலாம் இல்லை.

தெமட்டகொடையில், ரயில்வே குவார்ட்டஸுக்குப் பின்னால். விடிய வேலைக்குப் போனவர்கள் கண்டிருக்கிறார்கள். மாத்திரை இல்லை, குடு. பதினான்கு வருடம் தொடாத உடம்பு. அந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது என்று எத்தனை பேருக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படம் போட்டு விளக்கியிருப்போம். அவர் கரும்பலகையில் கோடு கீறுவார், நான் சொல்லுவேன்.

தெரிஞ்ச மனுசன். எல்லாம் தெரிஞ்ச மனுசன்.

மார்ச் 23, ஞாயிறு

மரண விசாரணை முடிந்து இன்றுதான் ஜனாஸாவைக் கொடுத்தார்கள். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பெண்கள் வீட்டோடு. ஸும்றாவின் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்து, எப்படி என்று கேட்டார்கள். "ஹார்ட் அட்டாக்" என்று அவளுடைய நானா, மூத்த சகோதரர், வாசலில் நின்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

குழுவில் அறுபத்தொரு அனுதாபச் செய்திகள். "எங்கள் அன்புத் தோழர் திடீர் மாரடைப்பால்..." அவர் குழுவில் இல்லாததால் இவை ஒன்றும் அந்தப் போனுக்குப் போகாது.

நான் ஒன்றும் போடவில்லை.

ஏப்ரல் 2, புதன்

பெருநாள் கழிந்து இரண்டாம் நாள் ஸும்றாவைப் பார்க்கப் போனேன். கணவன் இறந்தவள் இருக்கும் இத்தாவில் இருக்கிறாள், நான்கு மாதம் பத்து நாள் வெளியே வர மாட்டாள். கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் எனக்கு இடம் விட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஜனவரியில் இரண்டு கார்டு மாத்திரை நான் வாங்கிக் கொடுத்தது, குழுவில் நான் எழுதியது, டொக்டரிடம் போனது. ஒன்றையும் மறைக்கவில்லை.

அவள் கேட்டு முடித்துவிட்டு, "வேல போனது எனக்குத் தெரியா" என்றாள். "ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு சேர்ட் அயர்ன் பண்ணிக் குடுத்த. போயிட்டு வாறன் எண்டு செல்லிட்டுப் போவார். நோம்பு தொறக்க வருவார். ஒம்பது நாள்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"நீங்க டொக்டர்கிட்ட செல்லினீங்க. சரி. எனக்கிட்ட ஏன் செல்லல்ல? நான் அவர்ட பொண்டாட்டி. எனக்கிட்ட செல்லீந்தா வேலைக்கி அனுப்பீக்க மாட்டேன். வாசல்ல பாய போட்டுப் படுத்தீப்பேன்."

உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் கேட்டார் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னப் பதில் என்று தெரிந்தது. டொக்டரிடம் சொல்லக்கூடாது என்றும்தானே கேட்டார்.

சனிக்கிழமை கூட்டத்தில் உண்மையைச் சொல்லலாமா என்று அனுமதி கேட்டேன். "செல்லுங்க. மாரடைப்பு மாரடைப்பு எண்டு செல்லி எனக்கு வாய் கசந்து போச்சு."

ஏப்ரல் 5, சனி

வெள்ளவத்தை. நாற்பது பேருக்கு மேல். டொக்டர் றேமண்ட் இரண்டு நிமிட மௌனம் கேட்டார். அது முடிந்து எல்லோரும் கதிரையில் அமர்ந்தபோது நான் நின்றுகொண்டேன்.

பெப்ரவரி ஆறாம் திகதிக் கேள்வியைப் போனில் பார்த்து வாசித்தேன். "இதைக் கேட்டவர் தன்னைப் பற்றிக் கேட்டார். இருபத்துமூன்று பேர் பதில் எழுதினோம். நான் எழுதியது இது." என் பதில் என் போனில் அழிந்துவிட்டது, ஆனாலும் ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருந்தது. பிறகு அவர் எப்படி இறந்தார் என்பதைச் சொன்னேன். "நாங்கள் அறுபத்தெட்டுப் பேர் இருந்தோம். எங்களில் ஒருவருக்கு நடந்தால் போக ஓரிடம் நாங்கள் வைக்கவில்லை."

பர்ஸானா எழுந்து வெளியே போனாள்; சன்னலால் பார்த்தேன், கடல் பக்கம் திரும்பி நின்றாள். முன்வரிசையில் ஒருவர், "இதெல்லாம் பொதுவில சொல்லுறதா? அந்தக் குடும்பத்துக்கு மரியாதை இல்லையா?" என்றார். டொக்டர் றேமண்ட் அடுத்த விடயத்துக்குப் போனார். அவருடைய தாள் நடுங்கியது. கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

குழுவிலிருந்து ஒன்பது பேர் விலகிவிட்டார்கள்.

மே 3, சனி

கூட்டத்துக்கு எட்டுப் பேர். டொக்டர் வரவில்லை, சுகமில்லையாம். பர்ஸானா வந்தாள். கூட்டம் முடிந்து கதிரை அடுக்கும்போது, "அந்தச் சிரிப்பு முகம் நான் போட்டது மிஸ்" என்றாள். தெரியும் என்றேன். "நான் மத்த மெஸேஜுக்குப் போட்ட. மாறி அதுக்குக் கீழ விழுந்துட்டுது. ஆனா அவருக்கு அது தெரிஞ்சிருக்காதே." இரண்டு பேரும் மிச்சக் கதிரைகளையும் அடுக்கினோம்.

மே 19, திங்கள்

கிளெமென்றைப் பேலியகொடை மீன் சந்தைக்கு முன்னால் பஸ்ஸிலிருந்து கண்டேன். நடை சரியில்லை. இறங்க மணி அடித்தேன். பஸ் பாலம் தாண்டித்தான் நின்றது. திரும்பி நடந்து போனபோது ஆள் இல்லை.

யூன் 10, செவ்வாய்

அந்தோனியார் திருநாளுக்குத் தெருவெல்லாம் கொடி. பத்து மணிபோல, அறிவிக்காமல், டொக்டர் றேமண்ட் நிலையத்துக்கு வந்தார். அவர் அந்தப் படியில் ஏறி நான் கண்டதில்லை. மூச்சு வாங்க என் முன்னால் இருந்தார், நோயாளிகளின் கதிரையில்.

"ஒரு கேஸ் பற்றிக் கதைக்கோணும்" என்றார்.

கொப்பியைத் திறந்தேன். அவர் அந்தக் கொப்பியையே பார்த்தார்.

"மூடும், பிள்ளை. கேஸ் இல்லை."

மூடினேன்.

அவருடைய கிளினிக் மேசையின் கீழ் லாச்சியில் எப்போதும் ஒரு போத்தல் சாராயம். முதலில் கடைசி நோயாளி போன பிறகு. பிறகு மத்தியானம். இப்போது காலையில் கை நிற்பதற்கே வேண்டும். ஏப்ரல் கூட்டத்துக்கு முதல் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டுத்தான் வந்தாராம். "நிலாமை எடுத்துப் போட்ட அண்டைக்கும்" என்றார், சுவரைப் பார்த்து. "போன்ல அந்தப் பட்டனை அமத்தின விரல் என்ர விரல்தான். நான் அப்ப நல்ல வெறியில."

எழுந்து போகச் சொல்ல வேண்டும்போல இருந்தது. அவரிடம் சொல்லலாம், எல்லை என்று. பதினான்கு பெருவிரல் விழும். முன்னால் ஒரு கிழவர் இரண்டு கையையும் முழங்காலுக்கிடையில் வைத்து நெரித்துக்கொண்டிருந்தார். நடுக்கம் எனக்குத் தெரியாமலிருக்க.

"வீட்டில ஆருக்குத் தெரியும், டொக்டர்?"

"மாக்ரெட்டுக்கா? ஒண்டும் தெரியாது. அவவுக்குத் தெரியக் கூடாது. முதல்ல எங்கயாவது ஒரு இடத்தில..."

"இடம் நான் பாக்கிறன். திடீரெண்டு நிப்பாட்டக் கூடாது, அது உங்களுக்கே தெரியும். ஆனா முதல்ல வீட்டுக்குப் போவம்."

"ரொஷேல், பிளீஸ்."

"நானும் வாறன். நீங்கதான் சொல்லோணும். நான் பக்கத்தில இருப்பன்."

கீழே இரும்புக்கடையில் கம்பி இறக்கினார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை டொக்டர் காத்திருந்து, கதிரையின் கையைப் பிடித்து எழுந்தார்.

அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. மெதுவாக நடந்தோம். அவர் மனைவி மாக்ரெட் அன்ரி கதவைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், ஏன் இந்த நேரத்தில் என்று கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் பயிற்றங்காய் பாதி முறித்தபடி கிடந்தது. டொக்டர் இருந்தார். இரண்டு தடவை தொடங்கி நிறுத்தினார். மூன்றாம் தடவை சொன்னார். கடைசியில், "ஒன்பது வருசமா, மாக்ரெட்" என்றார்.

அன்ரி ஒரு பயிற்றங்காயை எடுத்து முறித்தார்.

"பதினொண்டு" என்றார்.

டொக்டர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அன்ரி எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அவருடைய பின்கழுத்தில் கையை வைத்தார். அங்கேயே வைத்திருந்தார்.

நான் இனி அங்கே தேவையில்லை என்று பையை எடுத்தேன். "நீங்க இருங்க பிள்ளை" என்றார் அன்ரி. "போன் பண்ண வேண்டிய இடத்துக்கு இப்பவே பண்ணுங்க. இந்த மனுசன் பிறகு மாட்டன் எண்டுவார்."

இருந்தேன். ராகமையில் எங்கள் குழுவிலுள்ள ஒரு தாதியை அழைத்தேன். யாருக்கு என்று கேட்டாள். டொக்டரைப் பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, "பேரைச் சொல்லும்" என்றார்.

சொன்னேன். அவள், "நாளைக்குக் காலமை கூட்டிக்கொண்டு வாங்க அக்கா. நானே வாசல்ல நிக்கிறன்" என்றாள்.